ஜெல் ஊற்றிய வளையும் சாய செல் படுத்தும்போது: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

சாய செல், அதாவது சாயம் ஒளியைப் பிடித்து மின்சாரம் தரும் சூரிய செல், ஓடவில்லை என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் செல்லை வாங்கிப் பார்ப்பதில்லை. ஜெல் இருந்த குப்பி எங்கே என்று கேட்பேன். கவிழ்த்துப் பார்ப்பேன், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், கண்ணாடிக் குச்சியால் தொட்டுப் பார்ப்பேன். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும். மீதிப் பாதிக்குத்தான் கருவிகள்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. 1991-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிராட்சலும் காட்டிய செல்தான் இதற்கு மூலம். டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு) நுண்துகள் படலத்தில் சாயம் ஏற்றி, எதிரே பிளாட்டினத்தை எதிர் மின்முனையாக வைத்து, நடுவே மின்னேற்றத்தைச் சுமந்து செல்ல அயோடைடும் மூவயோடைடும் கலந்த திரவத்தை நிரப்புவார்கள். கண்ணாடியில் இது நன்றாகவே ஓடும். வளையும் பிளாஸ்டிக்கில் செய்யப் போனால், வளைக்கிற ஒவ்வொரு தடவையும் திரவம் ஓரத்தைத் தேடிப் போகும். அதனால்தான் ஜெல். இங்கே நான் பேசும் ஜெல்லில் மூன்று தொகுதிகள் கொண்ட பாலிமர் இருக்கிறது: இரு முனைகளும் கரைப்பானை வெறுப்பவை, நடுத்தொகுதி மின்னேற்றம் கொண்டது. முனைகள் ஒன்றுகூடி முடிச்சாகும், நடுத்தொகுதி முடிச்சுகளுக்கு நடுவே பாலம் போடும். வேதிப் பிணைப்பு எதுவும் இல்லாமலேயே வலை உருவாகிவிடும்.

மின்னேற்றம் இல்லாத ஜெல்லில் பழகியவர்கள் இதில் தடுமாறுவது ஒரே இடத்தில்: அயனிக் கணக்கு. சங்கிலியில் இருக்கும் ஒவ்வொரு நேர் மின்னேற்றமும் தன்னுடன் ஓர் எதிர் அயனியைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. நடுத்தொகுதி பாலி 2-வினைல் பிரிடின், அதை மெத்தில் அயோடைடு கொண்டு முழுக்க மின்னேற்றியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலகின் எடை 105, மெத்தில் அயோடைடு 142, மொத்தம் 247. ஒரு கிலோ ஜெல்லில் 100 கிராம் பாலிமர், அதில் 80 கிராம் இந்தத் தொகுதி என்றால், 80-ஐ 247-ஆல் வகுக்க 0.32 மோல் அயோடைடு. நீங்கள் உப்பு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அது உள்ளே இருக்கிறது. திரவ செல்லுக்கான குறிப்பை அப்படியே பார்த்து மேலே இன்னொரு 0.5 மோல் போட்டால் மொத்தம் 0.8-ஐத் தாண்டிவிடும். கீழே வரும் கோளாறுகளில் பலவும் இங்கிருந்து கிளம்புகிறவைதான்.

ஆரம்பிக்கும் முன் ஒரே நாளில், ஒரே சாயக் குளியலிலிருந்து மூன்று செல்கள் செய்யுங்கள்: கண்ணாடியில் திரவம், பிளாஸ்டிக்கில் திரவம், பிளாஸ்டிக்கில் ஜெல். இரண்டாவதே மோசமாக இருந்தால் ஜெல்லைத் திட்டிப் பயனில்லை. இந்த மூன்றும் இல்லாமல் கோளாறு தேடுவது இருட்டறையில் சாவி தேடுவது மாதிரி.

உப்பு போட்டதும் ஜெல் தண்ணீராகிவிட்டது

பாலிமரும் கரைப்பானும் மட்டும் இருந்தபோது கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. லித்தியம் அயோடைடு போட்டுக் கலக்கினதும் ரசம் மாதிரி ஓடுகிறது. பாலிமர் கெட்டுவிட்டது என்று குப்பியைக் குப்பையில் போட வேண்டாம்.

நடுத்தொகுதி விறைப்பாக நீண்டு நிற்பதற்கு இரண்டு காரணங்கள். ஒரே மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. வலையை விட்டு வெளியேற முடியாத எதிர் அயனிகள் ஊடுபரவல் அழுத்தத்தால் வலையை உள்ளிருந்து உப்பவைக்கின்றன. வெளியிலிருந்து உப்பு வந்தால் இரண்டுமே அடங்கிவிடும். நீரில் 0.01 மோலார் உப்பு இருந்தால் ஒரு மின்னேற்றத்தின் செல்வாக்கு சுமார் 3 நானோமீட்டர் வரை எட்டும், 0.5 மோலாரில் அது 0.43 நானோமீட்டர்தான். ஓரிரண்டு அலகுக்கு மேல் எட்டாத தூரம். நீண்டு நின்ற சங்கிலி சுருண்டுவிடும், பாலமாக இருந்த பல சங்கிலிகள் திரும்பித் தன் முடிச்சுக்குள்ளேயே வளையமாகிவிடும். வலை போய்விட்டது, முடிச்சுகள் மட்டும் மிதக்கின்றன.

முதலில் மேலே சொன்ன கணக்கைப் போட்டு, சங்கிலியோடு வந்த அயோடைடைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் சேருங்கள். இன்னும் தளர்வாகவே இருந்தால் பாலிமர் அளவை இரண்டிரண்டு சதவீதமாக ஏற்றிப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால், வெறுக்கும் முனை நீளமாக உள்ள பாலிமர் வேண்டும். அது பாலிமரைத் தயாரித்துத் தருபவரிடம் போய்ப் பேச வேண்டிய விஷயம்.

சேர்க்கும் வரிசையும் முக்கியம். ஆயத்த ஜெல்லின் மேல் உப்பைத் தூவினால், தூவிய இடத்தில் மட்டும் சுருங்கிக் கட்டி தட்டும், மற்ற இடம் அப்படியே இருக்கும். உப்பை முதலில் கரைப்பானில் கரைத்துவிடுங்கள். பாலிமரை இரு தொகுதிகளுக்கும் ஒத்துப்போகும் ஆவியாகும் துணைக் கரைப்பானில் தனியாகக் கரைத்து, இரண்டையும் ஒன்றுசேர்த்து, துணைக் கரைப்பானை வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டிமோதி லாட்ஜ் குழு அயனித் திரவங்களை மூன்று தொகுதி பாலிமரால் ஜெல்லாக்கியபோது, எடையில் 5 சதவீத அளவுப் பாலிமரே போதுமானதாக இருந்தது. அங்கே நடுத்தொகுதியில் மின்னேற்றம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். அந்த எண்ணை அப்படியே இங்கே எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

அயோடின் போட்டதும் கரும்பழுப்புக் கட்டிகள்

இதைத்தான் நான் அதிக தடவை பார்த்திருக்கிறேன், இதைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். "அயோடின் சரியாகக் கரையவில்லை" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சூடாக்குவார்கள், இன்னும் கொஞ்சம் அயோடின் போடுவார்கள். கட்டி பெரிதாகும்.

அயோடின் கரைந்துதான் இருக்கிறது. அது அயோடைடோடு சேர்ந்து மூவயோடைடு ஆகி, நேர் மின்னேற்றச் சங்கிலியோடு இறுக ஒட்டிக்கொண்டது. பெரிய, மென்மையான எதிர் அயனி. பெரிய, மென்மையான நேர் அயனி. இரண்டும் பிரியவே விரும்பாத ஜோடி. இந்த ஒட்டலை நம்பியே ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது: நாசாவின் விண்வெளி ஓடத்தில் குடிநீரில் கிருமி வளராமல் இருக்க, அயோடின் ஏற்றிய எதிர் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியாகத்தான் தண்ணீரை அனுப்பினார்கள். பிசின் அயோடினை இறுகப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் சிறுகச் சிறுக மட்டும் விடும். அங்கே அது வரம். நம் செல்லிலோ மூவயோடைடு எதிர் மின்முனைக்கு நடந்து போய்ச் சேர வேண்டும். வழியில் சங்கிலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் மின்னோட்டம் வராது.

சோதனை எளிது. கட்டியை ஓரமாக ஒதுக்கி, சுற்றியுள்ள தெளிந்த திரவத்தின் நிறத்தைப் பாருங்கள். அதே அளவு அயோடின் போட்ட வெறும் திரவக் குப்பியைப் பக்கத்தில் வையுங்கள். ஜெல் குப்பியின் திரவம் வெளிறிய மஞ்சளாக இருந்தால் மூவயோடைடு கட்டிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். கரைப்பானும் ஒரு காரணம். மின்தடுப்பு மாறிலி நீருக்கு 78, புரொப்பிலீன் கார்பனேட்டுக்கு ஏறத்தாழ 65, மெத்தாக்சி புரொப்பியோநைட்ரைலுக்கு சுமார் 36. மாறிலி குறையக் குறைய அயனி ஜோடிகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். கார்பனேட்டின் பங்கைக் கூட்டிப் பாருங்கள். அயோடினைப் பாதியாகக் குறையுங்கள். சங்கிலியின் மின்னேற்ற அடர்த்தியைக் குறைப்பதும் ஒரு வழிதான்; எல்லா அலகையும் மின்னேற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. மின்னேற்றாமல் விட்ட பிரிடின் அலகுகளும் அயோடினைப் பிடிக்கும், வேறு விதமாக: நைட்ரஜனின் தனி எலக்ட்ரான் இரட்டை வழியாக ஒரு கூட்டுப்பொருளாக. அதனால் எவ்வளவு அயோடின் போட்டோம் என்பதை விட, எவ்வளவு சுதந்திரமாக அலைகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். அதற்கான வழி அடுத்த அறிகுறியில் வருகிறது.

விளக்கு போட்டதும் மின்னோட்டம் ஏறி, உடனே சரிகிறது

ஒளியைத் திறந்த கணத்தில் 10 மில்லி ஆம்பியர், சில நொடிகளில் 4-இல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒளியை மூடித் திறந்தால் மறுபடி அதே கூத்து. சாயமும் டைட்டானியாவும் நன்றாகத்தான் இருக்கின்றன. இல்லாவிட்டால் அந்த முதல் ஏற்றமே வராது. அயனிப் போக்குவரத்து நெரிசல் இது.

உறுதிசெய்ய, விளக்குக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைப் பிடித்து ஒளியைப் பத்தில் ஒன்றாக்குங்கள். குறைந்த ஒளியில் மின்னோட்டம் நேர் விகிதத்தில் வந்து, முழு ஒளியில் மட்டும் தேங்கினால் சந்தேகமே வேண்டாம்.

எவ்வளவு நெரிசல் என்று பார்க்க, இருபுறமும் பிளாட்டினம் வைத்து நடுவே ஜெல் மட்டும் உள்ள போலி செல் ஒன்று செய்யுங்கள். மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றினால் மின்னோட்டம் ஓர் இடத்தில் தட்டையாகும். அந்த உச்ச மின்னோட்டம் மூவயோடைடு செறிவுக்கும் விரவல் எண்ணுக்கும் (அயனி எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு) நேர் விகிதம், இடைவெளிக்குத் தலைகீழ். 0.05 மோலார் மூவயோடைடு, 25 மைக்ரான் இடைவெளி, விரவல் எண் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்தில் 3 பங்கு என்று வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 23 மில்லி ஆம்பியர் வரும். போதும், தாராளம். இடைவெளியை 60 மைக்ரான் ஆக்கினால் அதே ஜெல்லில் 9.6-தான். விரவல் பத்தில் ஒன்றாக விழுந்தால், 25 மைக்ரானிலும் 2.3 மட்டுமே. ஆக, ஜெல்லைக் குறை சொல்லும் முன் இடைவெளிக்காக நடுவே வைத்து ஒட்டிய சர்லின் பிளாஸ்டிக் படலம் எத்தனை மைக்ரான் என்று டப்பாவைப் பாருங்கள். 25 என்று நினைத்து 60-ஐ வெட்டி ஒட்டியவர்கள் எங்கள் மேசையிலேயே உண்டு.

போலி செல்லில் உச்சம் நன்றாக இருந்து, நிஜ செல் மட்டும் தேங்கினால் துளைக்குள் நிரம்பவில்லை. டைட்டானியா படலத்தின் துளைகள் சில பத்து நானோமீட்டர் அளவுதான். பாலிமர் முடிச்சுகளும் கிட்டத்தட்ட அதே அளவு. ஜெல்லை மேலே தடவினால் முடிச்சு வாசலிலேயே நின்றுவிடும். பரவாயில்லை, முடிச்சு உள்ளே போக வேண்டியதில்லை. கரைப்பானும் சிறிய அயனிகளும் போனால் போதும். அதனால் முதலில் பாலிமர் இல்லாத திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் படலத்தை நனைத்து, மிச்சத்தை ஒற்றியெடுத்து, பிறகு ஜெல்லை வையுங்கள். சூட்டில் இளகும் ஜெல்லாக இருந்தால் சூடாக, வெற்றிடத்தில் நிரப்பலாம். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கும்போது 150 டிகிரிப் பக்கம் போகாதீர்கள்.

மின்னழுத்தம் மட்டும் குறைவு

திரவ செல் 0.7 வோல்ட் தருகிறது, ஜெல் செல் 0.55. மின்னோட்டம் பரவாயில்லை.

இருட்டில் மின்னோட்ட வளைவை எடுங்கள். ஜெல் செல்லின் இருட்டு மின்னோட்டம் முன்னதாகவே ஏறினால், டைட்டானியாவுக்குப் போன எலக்ட்ரான் திரும்பி மூவயோடைடிடம் கசிகிறது. நேர் மின்னேற்றச் சங்கிலி டைட்டானியா மேல் படிந்தால், தன்னோடு மூவயோடைடையும் வாசலுக்கே கூட்டிவந்துவிடும். கசிவுக்கு வசதி செய்து தருவது போல. டைட்டானியா மூடாத வெறும் கடத்துத் தாள் ஜெல்லைத் தொடும் இடங்களும் கசியும்.

நடுத்தொகுதி எதிர் மின்னேற்றம் கொண்ட அக்ரிலிக் அமில வகை என்றால் கதையே வேறு. அமிலத்தின் புரோட்டான் டைட்டானியாவின் ஆற்றல் மட்டத்தைக் கீழே இறக்கும். லித்தியமும் அதையேதான் செய்யும். மின்னோட்டம் கொஞ்சம் கூடும், மின்னழுத்தம் விழும். காரம் விட்டு நடுநிலையாக்கலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். டைட்டானியாவிலிருந்து சாயத்தைக் கழற்றி அளக்க ஆய்வகத்தில் எதைப் பயன்படுத்துகிறோம்? 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. அதையே செல்லுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாலிமரைத் தனியாக நடுநிலையாக்கி, உலர்த்தி, அப்புறம்தான் ஜெல் செய்ய வேண்டும்.

வழக்கமான மருந்து 4-டெர்ட் பியூட்டைல் பிரிடின், 0.5 மோலார். போட்ட அன்று மின்னழுத்தம் ஏறி, ஒரு வாரத்தில் மறுபடி விழுந்தால், பாலிமரில் மெத்தில் அயோடைடு மிச்சம் இருந்திருக்கலாம். அது சங்கிலியை மின்னேற்றிய மாதிரியே இந்தப் பிரிடினையும் மின்னேற்றிச் செயலிழக்கச் செய்துவிடும். பாலிமரைக் கரைத்து ஈதரில் வீழ்படிவாக்கி வடிகட்டுவதை இரண்டு முறை செய்து, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். எல்லாம் புகைக் கூண்டுக்குள். மெத்தில் அயோடைடு விளையாட்டுப் பொருள் இல்லை.

ஜெல் ஓரத்தில் சிவப்பு

இது சின்ன விஷயம். பழுப்பு ஜெல்லில் செஞ்சாயம் தெரிந்தால் சாயம் கழல்கிறது. காரம், தண்ணீர், அல்லது டைட்டானியாவில் அதே இடத்துக்குப் போட்டி போடும் கார்பாக்சில் தொகுதிகள். அக்ரிலிக் அமில ஜெல் என்றால் பாலிமரை மாற்றுவதே உத்தமம்.

வளைத்த பிறகு செல் படுத்துவிட்டது

ஜெல் விட்டுப்போனது என்று எல்லாரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் உடைவது கடத்துப் படலம். பிஇஎன் (பாலிஎத்திலீன் நாப்தலேட்) பிளாஸ்டிக் தாளின் மேலிருக்கும் இண்டியம் டின் ஆக்சைடு ஒரு பீங்கான். ஒன்றிரண்டு சதவீதம் நீட்டினாலே விரிசல் விடும். 125 மைக்ரான் தாளை 10 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் மேற்பரப்பு நீட்சி 0.6 சதவீதம். 5 மில்லிமீட்டரில் 1.25. அதாவது பேனாவில் சுற்றிக் காட்டினால் முடிந்தது கதை.

எந்தப் பக்கம் வளைக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். ஜெல் மென்மையானது, இரு தாள்களையும் இறுக்கிப் பிடிக்காது. ஒவ்வொரு தாளும் தனித்தனியாகவே வளையும். டைட்டானியா தாள் வெளிப்பக்கம் இருக்கும்படி வளைத்தால், அதன் உட்புறத்தில் இருக்கும் படலம் அமுங்கும், பிளாட்டினம் பக்கம் நீளும். திருப்பி வளைத்தால் டைட்டானியா நீண்டு உதிரும். பிளாஸ்டிக்கில், கண்ணாடியில் செய்வது போன்ற 450 டிகிரிச் சுடுதல் இல்லை, துகள்கள் ஒன்றையொன்று லேசாகத்தான் பிடித்திருக்கின்றன; அதனால் எப்போதும் டைட்டானியாவை அமுங்கும் பக்கம் வையுங்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் படலத்தை அழுத்தி இறுக்கும் முறையைக் கொண்டுவந்ததும் இந்தப் பிடிமானம் போதாததால்தான்.

மல்டிமீட்டரை வெறும் தாளின் இரு முனையில் வைத்துக்கொண்டே வளையுங்கள். மின்தடை ஏறி, நிமிர்த்தினால் முழுவதும் இறங்காவிட்டால் விரிசல். ஏறவே இல்லை என்றால் அப்போது ஜெல்லைச் சந்தேகிக்கலாம்.

நாள் போகப் போக ஓரத்தில் ஈரம், நடுவில் வெள்ளை

தயிர் இரண்டு நாள் இருந்தால் மேலே தண்ணீர் விடுமே, அதேதான். வலை மெல்ல இறுகிக் கரைப்பானைப் பிழிகிறது. மின்னேற்ற ஜெல்லில் இதற்கு முதல் காரணம், மறுபடியும், உப்பு மிகுதி. நிறம் மட்டும் வெளுத்து ஈரம் இல்லாமல் இருந்தால் அயோடின் போகிறது: பிளாஸ்டிக் வழியாக, ஒட்டு வழியாக, அல்லது வெள்ளிப் பூச்சுக் கோட்டைத் தின்றுகொண்டு. வெள்ளிக் கோடு மஞ்சளித்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். மஞ்சள் என்றால் வெள்ளி அயோடைடு. அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியிலேயே கொதிப்பது. வளையும் செல்லில் அதை வைத்துக்கொண்டு ஆயுள் எதிர்பார்க்க முடியாது.

எண் ரொம்ப நன்றாக இருக்கிறது

இதுவும் கோளாறுதான். ஒருமுறை எங்களுக்குத் திடீரென்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கான மின்னோட்டம் மற்ற எல்லாச் செல்லையும் விட ஒன்றரை மடங்கு கிடைத்தது. வடை, காபி எல்லாம் வந்தது. சாயப் புள்ளியை 5 மில்லிமீட்டர் சதுரம் என்று நோட்டில் எழுதியிருந்தோம். அடுத்த நாள் அளவுகோலை வைத்தால் டைட்டானியா பேஸ்ட் பரவி 6 மில்லிமீட்டர். 0.25 சதுர சென்டிமீட்டரால் வகுத்ததை 0.36-ஆல் வகுத்திருக்க வேண்டும். அதற்கு மேல், பிளாஸ்டிக் தாளின் ஓரங்கள் வழியாகவும் ஒளி உள்ளே வழிந்துகொண்டிருந்தது. கறுப்புத் தகட்டில் துளை போட்டு மேலே வைத்து அளந்தோம். பழைய எண்ணே வந்தது. அந்தத் தகடு இப்போது விளக்கின் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்குகிறது.